செத்த வீட்டில் ‘போயிட்டு வாறன்’

போன வியாழக்கிழமை, ஒரு பெண்பிள்ளையை வாசல் படலையோடு திருப்பி அனுப்புவதற்காக ஊர்காவற்துறைக்குப் போனேன்.

பதறாதீர்கள். விஷயம் இதுதான்.

என் நண்பர் யேசு அண்ணை கடல் தொழிலாளி. அவருடைய மனைவி பிலோமினா அக்கா சந்தைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தார். வீட்டுக்குப் பெட்டியில்தான் வந்தார். அன்றிலிருந்து அண்ணை கடலுக்குப் போவதில்லை. முகம் மழிப்பதில்லை. என்ன கேட்டாலும் ஒரு ‘ஓம்’. மிஞ்சினால் இன்னொரு ‘ஓம்’...

ஆறுதல் சொல்ல ஆளில்லையா? எங்கள் தீவுகளில் அதற்கா பஞ்சம்! ஒருவர் வந்து ‘அழுங்கோ, பாரம் இறங்கும்’ என்பார். அடுத்தவர் ‘ஆம்பிளை அழக்கூடாது’ என்பார். மூன்றாமவர் தன் முழங்கால் வலியின் முழுச் சரித்திரத்தையும் சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போவார். என் பங்குக்கு நானும், ‘ஒருக்காக் கடலுக்குப் போங்கோ, எல்லாம் சரிவரும்’ என்றேன். வள்ளத்தில் ஏறினாலே எனக்கு வாந்தி வரும் என்பது வேறு கதை.

கனடாவிலிருக்கும் மகள் பார்த்தாள். போனிலேயே அழுது, ஓர் உளவளத்துணையாளரை ஏற்பாடு செய்துவிட்டாள். அதுதான், கவுன்சிலிங்.

“எனக்கென்ன விசரோ?” என்றார் அண்ணை. ஓமைத் தாண்டி ஒரு வசனம்! அதுவே முன்னேற்றம்தான்.

அதற்கு முந்திய வியாழன் அந்தக் கவுன்சிலிங் பிள்ளை வேலணையிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். விறாந்தையில் அண்ணைக்கு முன்னால் இருந்தாள். அவர் பேசவில்லை. அவளும் தோண்டவில்லை. நெடுநேரம் இருந்துவிட்டு எழும்பினாள். “ஐயா, அப்ப போயிட்டு வாறன். வாற வியாழனும் வருவன்.”

செத்த வீட்டில்!

சைவமோ, வேதம் என்கிற கிறிஸ்தவமோ, எங்கள் பக்கத்தில் யாராவது செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படுவார்களா? சத்தமில்லாமல் எழும்பி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நழுவ வேண்டும். ‘வாறன்’ என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றல்லவா அர்த்தம்?

அண்ணையின் தங்கை ஞானம் அக்கா எனக்குப் போன் எடுத்தார். “தம்பி, உந்தப் பெட்டையைப் படலையிலயே மறியும். அண்ணியைக் குடுத்தாச்சு. அண்ணையையும் குடுக்க என்னால ஏலாது!” கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. மறுக்க முடியுமா? போனேன்.

போய்ப் பார்த்தால்... அண்ணை முகம் மழித்து, சேட்டுப் போட்டு, றோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். பக்கத்தில் ஆள் இருக்க இன்னொரு கதிரை.

“எனக்கோ அண்ணை?” என்றேன், தெரியாதவன் மாதிரி.

“இல்லை. அந்தப் பிள்ளை வாறன் எண்டு சொன்னது.”

இனி எப்படி மறிப்பது?

ஸ்கூட்டி வந்தது. இறங்கியவள் படலையடியில் என்னிடம் குசுகுசுத்தாள். “அங்கிள், போன முறை வாய் தவறிட்டுது. வீட்ட போய்த்தான் நெத்தியில அடிச்சனான். கோவிச்சிட்டினமோ?”

பட்டப்படிப்பெல்லாம் முடித்த பிள்ளை. கடைசியில் வேலை செய்தது வாய் தவறியதுதான்!

அன்று அண்ணை பேசினார். பிலோமினா அக்கா வைக்கும் மீன் குழம்பு, அவர் போடும் சண்டை, பூசைக்குப் பிந்திப் போவது... இடையில் அழுதார். அவள் தடுக்கவில்லை. குசினி வாசலில் நின்று ஞானம் அக்காவும் அழுதார். என் கண்ணிலும் ஏதோ தூசி.

நேரமானது. இந்த முறை அவள் கவனமாக இருந்தாள். மெல்ல எழும்பி, ஊர் வழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினாள்.

“என்ன பிள்ளை, சொல்லாமப் போறீர்?” என்றார் அண்ணை.

அவள் படியில் நின்று திரும்பினாள்.

“இஞ்ச வந்த எல்லாரும் சொல்லாமத்தான் போனவை. அவவும்... நான் வலை தைச்சுக்கொண்டு இருந்தனான். ஏன் குழப்புவான் எண்டு, சொல்லாமத்தான் சந்தைக்குப் போனவ. நீர் எண்டாலும் சொல்லிப்போட்டுப் போம்.”

அவள் ஞானம் அக்காவைப் பார்த்தாள். அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தபடி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போயிட்டு வாறன் ஐயா.”

“ஓம். வாரும்.”

நானும் சும்மா இருக்கவில்லை. படலையடியில் நின்று உரத்துச் சொன்னேன். “அண்ணை, நானும் போயிட்டு வாறன்!”

ஞானம் அக்கா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே... முறைக்கட்டும். சொல்லியாயிற்று — இனித் திரும்பவும் போகத்தான் வேண்டும்.