குழாய் நின்ற பிறகு

மாதுங்காவில் எங்கள் கட்டிடத்திலிருக்கும் தன் தங்கை வீட்டுக்கு, மதராஸிலிருந்து ஒரு சினிமா டைரக்டர் வந்திருந்தார். என்னிடம் ஒரு கதை இருந்தது. சினிமாக்காரர்கள் எழுதிக் கொடுத்தால் படிக்கமாட்டார்கள், வாயால்தான் சொல்லவேண்டும் என்றார்கள். சொன்னேன். கணவன் இறந்த செய்தி கேட்டுக் கதாநாயகி அலறி மயங்கி விழும் இடத்தில் நானும் குரலை உயர்த்தினேன்.

அவர் கையமர்த்தினார். "உங்க வீட்டுக்காரர் ரயில்லேர்ந்து விழுந்து போயிட்டார்னு தங்கச்சி சொன்னா. நீங்க இப்படித்தான் அலறினீங்களாம்மா?"

"இல்லை, ஸார். சயான் ஸ்டேஷன்லேர்ந்து ஆள் வந்து சொல்றச்சே குழாய்ல தண்ணி வந்துண்டிருந்தது. நின்னா மறுநாள்தான் வரும். பக்கெட்டெல்லாம் ரொப்பிட்டுத்தான் கிளம்பினேன். அதுல ஒண்ணு, சாயங்காலம் அவர் வந்து குளிக்க."

அவர், "அதை எழுதுங்கம்மா. அழறதை ஜனங்க பாத்துப்பாங்க" என்றார்.

என் கதையை அவர் படமெடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமுமில்லை. இப்போதும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். கதையில் துக்கச் செய்தி வந்தால் யாரையும் உடனே அழவிடுவதில்லை. கையிலிருக்கும் வேலையை முதலில் முடிக்கவிடுகிறேன்.