பழனியப்பன் வேனுக்கு நான் வைத்த டீசல் இன்ஜின்

1. பெட்ரோலா, டீசலா

காரவள்ளியில், கொல்லிமலை ரோடு ஏறத் தொடங்கும் இடத்தில், எனக்கு ஒரு சின்ன ஷெட் இருந்தது. தொண்ணூற்றெட்டில் பழனியப்பன் அண்ணன் தன் பழைய பெட்ரோல் வேனை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். அவரும் மனைவி செல்லம்மாள் அக்காவும் மலையில் பைல் நாடு வரை ஊர் ஊராகப் போய் எவர்சில்வர் பாத்திரம் விற்பவர்கள். போன இடத்தில் இருட்டினால் அங்கேயே நிறுத்திச் சமைத்துப் படுத்துக்கொள்வார்கள். வேனுக்குள் கட்டில், ஸ்டவ், தண்ணீர் டிரம் எல்லாம் இருந்தன. அவர்களுக்கு வேறு வீடு கிடையாது.

இன்ஜின் தேய்ந்துவிட்டது. அதையே சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு ஓட்டுவதா, டீசலுக்கு மாற்றுவதா என்று கேட்டார்கள். என் ஷெட்டின் மூலையில் பழைய டீசல் இன்ஜின் ஒன்று விலை போகாமல் கிடந்தது. அதைத் தள்ளிவிட வேண்டும் என்பதுதான் என் யோசனை. டீசலை அப்படிப் புகழ்ந்தேன்; கேழ்வரகில் நெய் வடிகிறது என்று மட்டும்தான் நான் சொல்லவில்லை.

அக்கா சம்மதிக்கவில்லை. "படுக்கற எடத்துல டீசல் பொகை ஆகாதுங்க தம்பி. பெட்ரோலே இருக்கட்டும்."

"மலைக்கு டீசல்தானுங்க அக்கா. ஏத்தத்துல என்ன இழுவை இழுக்கும்னு பாருங்க."

"ஏறுறது சரிங்க. எறங்குறப்ப எப்படிங்க?"

மலை வண்டி என்றால் எங்கள் பக்கம் ஏறுமா என்றுதான் கேட்போம். இறங்குவதைக் கேட்ட ஒரே ஆள் அவர். நான் சிரித்தேன். "எறங்குறதுக்கு இன்ஜின் எதுக்குங்க அக்கா? அது தானா வந்துருமே." அண்ணனும் சேர்ந்து சிரித்தார். இதை எழுதும்போதே கூசுகிறது.

அதுவரை நான் பெட்ரோல் வண்டி வேலை மட்டுமே பார்த்தவன். பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலில்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்து, மிதிக்கும் காலுக்கு உதவும். டீசலில் அந்த உறிஞ்சல் இல்லை. அதைத் தருவதற்குத் தனியாக வேக்கம் பம்ப் வைக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. தெரிந்தவரிடம் கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பூஸ்டருக்குப் போகும் பழைய ரப்பர் ஹோசை அப்படியே டீசல் இன்ஜினில் சொருகிவிட்டேன்.

ஓட்டிப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "பிரேக் கொஞ்சம் கெட்டியா இருக்குதுங்களே தம்பி."

"புது வேலைங்கண்ணா. போகப்போக இளகிரும்."

2. வளைவில்

ஏறினார்கள், வண்டி நன்றாக இழுத்தது. ஒரு வாரம் கழித்து இறங்கும்போது, மலை ரோட்டின் எழுபது வளைவில் பாதி கூட முடியவில்லை, பிரேக் மிதி கல்லாகி, எவ்வளவு அழுத்தியும் வண்டி நிற்கவில்லை. பள்ளத்தில் விழாமல் இருக்க அண்ணன் வண்டியை மலைப் பக்கமாகத் திருப்பி மண்ணில் மோதினார். பின்னால் இருந்த அக்கா மேல் பாத்திரங்கள் சரிந்து தோள் எலும்பு முறிந்தது.

தகவல் வந்து நான் போனபோது அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அண்ணன் ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலு மிதிக்கல தம்பி. வயசாயிருச்சு. அவள நானே கொல்லப் பாத்தேன்."

நான் ஹோசைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டு, விரலை வைத்துப் பார்த்தேன். துளி உறிஞ்சல் இல்லை. அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், "பிரேக் எப்படிய்யா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க சார்" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைச் செய்தேன். வண்டியை ஷெட்டுக்கு இழுத்துவந்து, சேலத்தில் ஒரு பம்ப் வாங்கிச் சத்தமில்லாமல் மாட்டினேன். கூலி வேண்டாம் என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனசுங்க தம்பி உங்களுக்கு" என்றார். அதையும் வாங்கிக்கொண்டு நின்றேன். அந்த மாதமே அவர் வேனை விற்றுவிட்டார்.

3. பஸ்ஸில்

ஆறு வருடம் கழித்து செம்மேடு போகும் பஸ்ஸில் இருவரையும் பார்த்தேன். சாக்கு மூட்டையில் பாத்திரம். வாடகை வீட்டில் இருப்பதாகவும் சைக்கிளைக்கூட அவர் தொடுவதில்லை என்றும் அக்கா சொன்னார். வளைவுக்கு வளைவு அண்ணனின் வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்துவதைப் பார்த்தேன். தாங்க முடியவில்லை. இறங்கியதும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அண்ணன் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப என் காலு மிதிச்சுதுங்களா?"

"நல்லா மிதிச்சீங்கண்ணா. வண்டிதான் நிக்கல."

அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அக்கா மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தபடி சொன்னார்: "இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே சொல்லியிருந்தா எங்க ஊடு எங்ககிட்டயே இருந்திருக்குமுங்க தம்பி."

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். தப்பே செய்யாத மெக்கானிக் கிடையாது. செய்தால், வண்டி அங்கே நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள், அடித்தாலும் அடிப்பார்கள். நான் அதற்குப் பயந்ததால் ஒரு மனிதர் ஆறு வருடம் தன் காலைச் சந்தேகப்பட்டார்.