பிடுங்கிய பிறகும் ஓடுவது

பிடுங்குகிறாள். திரையைப் பார்க்கிறாள். செருகுகிறாள். மறுபடி பிடுங்குகிறாள். செவித்திறன் சோதிக்கும் கருவிக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் அவளுக்கு இதற்குத்தான் சம்பளம். யூஎஸ்பி கேபிளைக் கழற்றிய பின்னும் கணினிக்குள் அந்தக் கருவிக்காக ஏதாவது புரோசஸ், அதாவது பின்னணி வேலை, ஓடிக்கொண்டிருந்தால் தேடிப்பிடித்துத் தீர்த்துக்கட்டுவாள். அலுவலகத்தில் அவள் பெயர் எமன் மேடம். “எமன் மேடம் சாப்பிடப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க” என்று வரவேற்பறையில் சொன்னால், வந்தவர்கள் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் எடுத்தவுடன் கொன்றுவிட மாட்டாள். “கொல்றது ஒரு நொடி வேலை. அது ஏன் சாகலைன்னு முதல்ல தெரியணும்” என்பாள். கணவர் நேர்மாறு. இரவுச் சண்டையை ஒரு தூக்கத்தில் துடைத்துவிட்டுக் காலையில் காபியோடு வந்து நிற்பார். காபியை வாங்கிக்கொண்டு, “அது எதுல ஆரம்பிச்சது?” என்பாள்.

அன்று ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு. நேரில் போனாள். நான்கு வயதுப் பையனுக்கு இரு காதும் ஏறக்குறையச் செவிடு என்று கருவி சொல்லியிருந்தது. “கூப்பிட்டா திரும்ப மாட்டான். ஆனா பக்கத்து ரூம்ல மிட்டாய்த் தாளைப் பிரிச்சா ஓடி வரானே டாக்டர்!” என்று தாய் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

மேலாளர் போனில் அவசரப்பட்டார்: “ரீஸ்டார்ட் பண்ணிட்டுக் கிளம்பி வாங்க.”

“பண்ணா தடயம் போயிடும் சார்.”

தேடினாள். அகப்பட்டது. காலையில் யாரோ கால் தடுக்கிக் கேபிள் கழன்றிருக்கிறது. உடனே திரும்பச் செருகியும் விட்டார்கள். அப்போதே இறந்திருக்க வேண்டிய பழைய புரோசஸ், போய்விட்ட இணைப்பிலிருந்து பதில் வரும் என்று காத்துக் கிடந்தது. காத்திருந்த நேரத்தில் சும்மாவும் இல்லை. கேபிள் கழலுமுன் கடைசியாகச் சோதித்த செவிட்டு முதியவரின் காதையே பின்னால் வந்த அனைவருக்கும் தாராளமாக வழங்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்ட பிறகே அதன் கதையை முடித்தாள். பையனை மறுபடி சோதித்தார்கள். இரு காதுகளிலும் ஒரு குறையும் இல்லை. தாய்க்கு அழுகை பொங்கியது. அழுது முடித்ததும், “அப்போ இவ்வளவு நாளும் திமிராடா உனக்கு?” என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நல்லவேளை, முடிஞ்சுது.”

“காலையிலேர்ந்து வந்த மத்தவங்க?”

“அவங்க எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்களேம்மா. அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம்.”

அவள் மேஜையிலிருந்த தொலைபேசியின் ரிசீவரை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள். அவர் வாங்கும்வரை கையை மடக்கவில்லை.