வண்டியடியில் ஆடிய சொம்பு

மாமனாரின் கூண்டு வண்டிக்கு அடியில் கயிற்றில் கட்டித் தொங்கிய பித்தளைச் சொம்பு, மாடுகள் நடக்கும்போதெல்லாம் ஆடிக்கொண்டே போகும். என் நாத்தனாரை நினைத்தால் அவள் முகத்துக்கு முன்பாக அந்தச் சொம்புதான் வருகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அதுதான் வருகிறது.

நான் அபிஷேகப்பாக்கத்துக்கு மருமகளாக வந்தபோது அவள் புதுச்சேரிக்குத் தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். தையலைவிட அவளுக்குப் பேருந்துதான் பிடிக்கும். சன்னலோரம் இடம் கிடைத்த நாளில் அன்று பார்த்ததையெல்லாம் அடுப்படியில் வந்து எனக்குச் சொல்வாள். "கண்டக்டர் விசிலு ஊதுனாத்தான் அண்ணி, எனக்குப் பொழுதே விடியுது" என்பாள்.

அந்த வருடம் வாந்திபேதி பரவியது. எங்கெங்கோ பல தேசங்களில் பரவி வந்த நோய் என்று வானொலியில் சொன்னார்கள். நகர எல்லையில் பேருந்துகளை நிறுத்தி, பயணிகளை வரிசையாக இறக்கி ஊசி போட்டார்கள். ஊசிக்குப் பயந்தவர்கள் பாதி, நோய்க்குப் பயந்தவர்கள் பாதி என்று எங்கள் தெருவே பேருந்தில் போவதை விட்டது. சைக்கிள் இருந்தவர்கள் சைக்கிளை எடுத்தார்கள். மாமனார் கூண்டு வண்டியைப் பூட்டினார். "பஸ்ல எவன் எச்சிலோ, எவன் வாந்தியோ! நம்ப வண்டி கீது, நம்ப ஜனம் கீது. பொண்ணு இதுலயே போவட்டும்" என்றார். தெருப் பெண்கள் நான்கைந்து பேர் அவளோடு ஏறிக்கொண்டார்கள். வண்டி வயல்வழியே போனதால் ஊசிக்காரர்கள் கண்ணில் படவில்லை. அதை ஒரு சாமர்த்தியமாகவே சொல்லிக்கொண்டார்கள்.

"மாட்டு வாலப் பாத்துக்கினே போறதுக்கு நானு தையல் வேற கத்துக்கணுமா?" என்று நாத்தனார் முனகுவாள். வண்டி பெரிய சாலையைக் குறுக்கே கடக்குமிடத்தில் காலிப் பேருந்து கடந்து போகும். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "இன்னா தங்கச்சி, மாட்டுக்கும் சேத்து டிக்கெட் கிழிக்கட்டா?" என்று கத்துவார். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வழியில் மாமனாருடைய அக்கா வீடு. அங்கே கிணற்றில் சொம்பை நிரப்பிக்கொள்வார்கள். யாரும் வாய் வைத்துக் குடிக்க மாட்டார்கள், அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வார்கள். எச்சில் படாத தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கு இருந்தது. பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் படித்திருந்தேன். வீட்டிலிருந்தே காய்ச்சிய தண்ணீரை நிரப்பித் தருகிறேன் என்று மாமியாரிடம் சொன்னேன். மாமனார் காதில் விழுந்தது. "எங்க அக்கா வூட்டு வாசலத் தாண்டிப் போறப்ப கெணத்துத் தண்ணி வேணான்னா அவ இன்னா நெனப்பா? நோவு புடிச்ச வூடுன்னு சொல்றியா?" என்றார். அதற்குமேல் ஒரு மருமகள் என்ன பேச முடியும்? பேசியிருக்க முடியுமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அக்கா வீட்டில் இரண்டு பேர் நோயில் படுத்திருந்ததை அவர்கள் வெளியே சொல்லவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் காலையில் நாத்தனார் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வாந்தியெடுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். உச்சிவேளைக்குள் கண்கள் குழிந்துவிட்டன, விரல்கள் சுருங்கிவிட்டன. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பேருந்துக்கு ஓடினார்கள். ஏற ஆளில்லை என்று பகல் பேருந்தை அதன் முதலாளி நிறுத்தி நாளாகியிருந்தது. மறுபடி அதே கூண்டு வண்டிதான். அவள் தலை என் மடியில் இருந்தது. மாடுகள் தங்கள் நடையில்தான் நடந்தன. "தண்ணி அண்ணி" என்றாள். வண்டியை நிறுத்தி, அடியிலிருந்த சொம்பை அவிழ்த்து, மாமனாரே அவள் வாயில் ஊற்றினார். எச்சில் படாமல், உயரத் தூக்கி ஊற்றினார். ஆற்றுப்பாலம் வருவதற்குள் மடி கனத்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், "என் பொண்ண பஸ்ல ஏத்தவேயில்லியே" என்று மாமனார் அழுதார். சாகும்வரை அவர், அவள் முன்பு போய்வந்த பேருந்துகளைத்தான் குற்றம் சொன்னார். அக்கா வீட்டுக் கிணற்றை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது ஊரெல்லாம் கண்நோய். பேருந்து நிறையச் சிவந்த கண்கள் என்று என் கணவர் மொபெட் வாங்கியிருக்கிறார், மகளைப் பள்ளிக்கு அதில்தான் கொண்டுபோகிறார். இன்று காலை வாசலில் வண்டியை நிறுத்தி, கைப்பிடியில் தொங்கிய துண்டை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காலையிலிருந்தே உறுத்துகிறதாம். அதே துண்டோடு குழந்தையின் முகத்துக்குக் குனிந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவர் சிரித்தார்.

"இன்னாத்துக்குப் பதறுற? நம்ப வூட்டுத் துண்டுதானே."

அவருடைய அப்பாவின் குரல் அப்படியே அவருக்கு. துண்டைப் பிடுங்கிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று தெரியவில்லை. பேருந்து வந்தது, ஏறினோம். மகள் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டர் விசில் ஊதினார். என் கையில் பிடித்திருந்த துண்டின் நுனி, வண்டி குலுங்கக் குலுங்க, அந்தச் சொம்பைப் போலவே ஆடிக்கொண்டிருந்தது.