நெட்டையனா, கட்டையனா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நேராக நிற்காது. வரியை விட்டு மேலே ஏறும், பிறகு சரிந்து இறங்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். றகரம் வரவேண்டிய இடத்தில் ரகரம் வந்திருந்தால் வாசிப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், செவன் ஹில்ஸில் ஒரு பண்டகசாலையில், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கிரவீனில் ஒருவருடைய வீட்டில், கார் நிறுத்தும் கராஜில் திங்கள் மாலைகளில் கூடுகிறவர்களோடு நான் சேர்ந்ததே, அங்கே வாய் திறக்கத் தேவையில்லை, கண் திறந்திருந்தால் போதும் என்பதால்தான்.

அங்கே பார்ப்பது அமெரிக்கக் கால்பந்து. பெயர்தான் கால்பந்து, ஆட்டம் பெரும்பாலும் கையால். அந்தக் கராஜின் வீட்டுக்காரர் ஒரு என்ஜினியர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். கம்பனி அனுப்பி இரண்டு வருடம் அமெரிக்காவில் இருந்தவர். வரும்போது இந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தார். அங்கே ஞாயிறு பகலில் ஆடுவது எங்களுக்குத் திங்கள் காலை. அந்த நேரத்தில் எல்லோரும் வேலையில் நிற்போம். அதனால் அவர் வீட்டில் ஆட்டம் பதிவாகும், மாலையில் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம். முடிவைத் தெரிந்துகொண்டு வரக் கூடாது. அது கராஜின் சட்டம். வாசலில் ஒரு அலுமினியச் சட்டி இருக்கும். போனை அதற்குள் போட்டு மூடிவிட்டுத்தான் கதிரையில் உட்காரலாம். ஒருமுறை ஒருவர், பெட்ரோல் அடிக்கும்போது யாரோ முடிவைச் சொன்னது காதில் விழுந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். பாவம், ஒரு மட்டன் ரோல்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பினார். சட்டம் அவ்வளவு கடுமை. அதைப் போட்டவர் வீட்டுக்காரர்தான்.

குவாட்டர்பேக் என்றால் பந்தை வாங்கி எறிகிறவன், ஆட்டத்தை நடத்துகிறவன். உலகத்திலேயே பெரிய குவாட்டர்பேக் யார் என்பது கராஜில் தீராத வழக்கு. வீட்டுக்காரருக்கு நெட்டையன். அது நாங்கள் வைத்த பெயர். ஆறரை அடி உயரம், இருந்த இடத்திலிருந்து அசையாமல் எறிவான், ஆட்டம் முடியும்போது போட்டிருக்கும் சேட்டில் ஒரு புல் ஒட்டியிருக்காது. எனக்குப் பிடித்தது கட்டையன். அவனை நாலு பேர் விழுத்தி மேலே ஏறிக் கிடப்பார்கள். எழும்புவான், அடுத்த பந்தைக் கேட்பான்.

வீட்டுக்காரருடைய சொல்லுக்கு அங்கே மறுசொல் கிடையாது. காரணம் அவருடைய ஆரூடம். "இப்ப பாருங்கோ, நெட்டையன் இடப்பக்கம் நீளமா எறிவான்" என்பார். எறிவான். "இந்தப் பந்து பிடிபடாது" என்பார். நழுவும். எப்போதும் அல்ல, இடைக்கிடை பிழைக்கும். ஆனால் முக்கியமான இடங்களில் பிழைக்காது. எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். "ஆட்டத்தை வாசிக்கத் தெரியவேணும் அண்ணைமார்" என்று கதிரையில் சாய்வார்.

ஒரு திங்கள், எந்தப் பேய் பிடித்ததோ, நான் வாய் திறந்தேன்.

"எனக்கெண்டால் கட்டையன்தான் பெரியவன். நெட்டையனுக்கு முன்னால நிண்டு மறிக்க நல்ல ஆக்கள் இருக்கினம். கட்டையனுக்கு ஒருத்தரும் இல்லை. விழுந்து விழுந்துதான் எறியிறான்."

வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பினார்.

"அண்ணை, நீங்கள் எத்தினையாம் வகுப்பு?"

அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

"அஞ்சு."

"இந்த விளையாட்டின்ர விதிப் புத்தகமே இவ்வளவு தடிப்பு. அஞ்சாம் வகுப்புக்கு அது ஏறாது. நீங்கள் அந்த ரோல்ஸ் தட்டத்தை இஞ்சாலை தாங்கோ. குவாட்டர்பேக்கை நாங்கள் பாப்பம், புரொபசர்."

சிரிப்பு கராஜ் கதவில் பட்டுத் திரும்பியது. என்னோடு வந்து வீட்டுக்குள் பெண்களோடு இருந்த என் மகள், வெறும் தட்டம் எடுக்க வந்து நின்றிருந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். அவளும் சிரித்தாள். கொஞ்சம்தான், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் நான் கண்டுவிட்டேன்.

காரில் போகும்போது, "சொறி அப்பா. இட்ஸ் ஜஸ்ட் எ கேம்" என்றாள். அன்றிலிருந்து என் பெயர் புரொபசர். ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும்போதும், "புரொபசரின்ர கருத்து என்ன?" என்று வீட்டுக்காரர் கேட்பார். நான் நிலத்தைப் பார்ப்பேன். அவர் சிரிக்காமல் இருப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். பண்டகசாலையில் சரக்குப் பலகைகளைத் தூக்கி அடுக்கும்போதெல்லாம் அவருக்குச் சொல்லவேண்டிய பதில்களை யோசித்தேன். நல்ல பதில்களும் வந்தன. திங்கள் மாலை வந்தால் ஒன்றும் வாயில் நிற்காது. போகாமல் விடலாமே என்று கேட்பீர்கள். போகாவிட்டால் அவர் வென்றதாகிவிடும். மகள் முன்னால் வாங்கியதை மகள் முன்னாலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஜனவரி மாதம், கடைசிச் சுற்றுகள் வந்தன. நெட்டையனின் அணிக்கும் கட்டையனின் அணிக்கும் நேருக்கு நேர் ஆட்டம். அந்தத் திங்கள் காலை நான் லீவு. பரமட்டாவில் ஒரு கடைவாய்ப் பல் பிடுங்கினேன். வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு ரயிலடிக்கு நடக்கும்போது, ஒரு கிளப்பின் கண்ணாடிக்குள்ளால் பெரிய திரை தெரிந்தது. அதில் நெட்டையன். முடிவைப் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பினேன். அவ்வளவு ஒழுங்காகச் சட்டத்தைக் காத்தவன் நான். திருப்பும்போதுதான் அந்த முதுகைக் கண்டேன்.

அலுவலக அட்டை கழுத்தில் தொங்க, எலுமிச்சைச் சோடாவோடு எங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு சின்னக் கொப்பி. ஒவ்வொரு முக்கியமான எறிதலுக்குப் பிறகும் குனிந்து அதில் எழுதினார். பள்ளிப் பிள்ளை மாதிரி, நாக்கு நுனியை வெளியே வைத்துக்கொண்டு.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. திங்கள் மாலைகளில் ஆட்டத்தின் நடுவே அவர் அடிக்கடி குளியலறைக்கு எழுந்து போவார். சீனி வருத்தமாக்கும் என்று எல்லோரும் இரக்கப்பட்டோம். ஒருவர் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொல்லி ஆலோசனையும் கொடுத்தார். அவர் போனது கொப்பியைப் புரட்ட.

உள்ளே போனேன். அவருக்குப் பின்னால் ஒரு தூணடியில் நின்று, கடைசிப் பந்து வரை பார்த்தேன். பஞ்சு இரத்தத்தில் ஊறியது. அதை மாற்றக்கூட மனம் வரவில்லை. கட்டையன் தோற்றான். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, ஓடவே ஓடாத நெட்டையன் எறிவதுபோல் கையைத் தூக்கிவிட்டு, தானே பந்தோடு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்து புள்ளி எடுத்தான். கிளப்பில் இருந்தவர்கள் கத்தினார்கள். வீட்டுக்காரர் கொப்பியில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

மாலையில் மகளையும் வரச் சொன்னேன். "உள்ளுக்குப் போகாதை பிள்ளை, இஞ்ச கராஜுக்குள்ள என்னோட இரு." போனைச் சட்டிக்குள் போட்டேன். நானும் அன்று பார்த்துவிட்டு வந்தவன்தான், சட்டத்தை மீறியவன்தான். அது என்னைக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

வீட்டுக்காரர் அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். மூன்று ஆரூடம், மூன்றும் பலித்தன. இரண்டு தரம் குளியலறைக்குப் போய்வந்தார். கடைசிக் கட்டம் நெருங்கும்போது கதிரையின் நுனிக்கு வந்து தொண்டையைச் செருமினார். அந்த இரண்டு கோட்டுக்கு நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"நெட்டையன் இப்ப எறியமாட்டான். எறியிற மாதிரிக் காட்டிப்போட்டு தானே ஓடுவான்."

வீங்கிய வாயால் சொன்னது பாதிதான் தெளிவாக வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "நெட்டையன் ஓடுறதோ? புரொபசருக்கு மருந்து தலைக்கு ஏறீட்டுது" என்றார் ஒருவர். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

நெட்டையன் ஓடினான்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "இனிக் கட்டையன் மூண்டு தரம் எறிவான். மூண்டாவது எதிராளின்ர கையில போகும்" என்றேன். அதுவும் போனது.

வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "நீங்கள் பாத்திட்டு வந்திருக்கிறியள்! இது கள்ளம்!"

"ஓம் தம்பி, பாத்தனான். பரமட்டாவில. உங்களுக்குப் பின்னால தூணடியில நிண்டு."

"சேட்டுப் பைக்குள்ள இருக்கிற கொப்பியை ஒருக்கா எடுங்கோவன். நான் அஞ்சாம் வகுப்பு, எனக்கு வாசிக்கக் கஷ்டம். என்ர மகள் வாசிப்பாள்."

அவருடைய கை தானாகவே பையைப் பொத்தியது. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அன்று பெட்ரோல் அடிக்கும்போது முடிவு காதில் விழுந்தவர்தான் முதலில் எழும்பினார். சட்டிக்குள் கைவிட்டுத் தன் போனை எடுத்தார். "என்னை அண்டைக்கு ரோல்ஸோட அனுப்பினீங்களே ஐசே" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக எழும்பினார்கள். "போங்கோ, எல்லாரும் போங்கோ" என்று வீட்டுக்காரர் தொலைக்காட்சியைப் பார்த்துச் சொன்னார்.

காரில் ஏறி மகள் பெல்ட்டைப் போட்டாள். பிறகு, "தட் வாஸ் க்ரூயல், அப்பா" என்றாள்.

"ஓம்" என்றேன்.

"எல்லாருக்கும் முன்னால செய்திருக்க வேண்டாம்."

"எல்லாருக்கும் முன்னாலதானே எனக்குச் செய்தவர். நீயும் சிரிச்சனி."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளோ தெரியாது. நான் கேட்கவில்லை. வலிக்கட்டும் என்றுதான் அதைச் சொன்னேன்.

அந்தக் கராஜ் அதன் பிறகு கூடவில்லை. கட்டையன் தோற்றதற்காக நெட்டையன் பெரியவனாகிவிடவில்லை, அந்த வழக்கில் நான் இன்னும் ஒரு அங்குலம் இறங்கவில்லை. பென்டில் ஹில் மளிகைக் கடையில் வீட்டுக்காரரை இடைக்கிடை காண்பதுண்டு. என்னைக் கண்டால் தள்ளுவண்டியைத் திருப்பி அரிசி மூட்டைப் பக்கம் போய்விடுவார். மற்றவர்களாயிருந்தால் விட்டிருப்பார்கள். நான் விடுவதில்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கத்தால் போய், அவருக்கு எதிரே நின்று, "என்ன தம்பி, இந்த வருஷம் ஆர் வெல்லுவினம்?" என்று கேட்பேன். பதில் வராது. வரும்வரை கொஞ்ச நேரம் நிற்பேன். போன கிழமையும் கேட்டேன்.

2025 ஓகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.