வெட்டாமல் பழுத்த காய்

என் மனைவியின் தம்பி மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் இரவுக் காவல் பார்த்துவந்தான். எழுபதுகளின் கடைசியில் அங்கே தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பையன், ஊருக்குக் கிளம்பும்போது ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகத்தையும் ஒரு பை நிறையப் பகடைகளையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள். மச்சான் எல்லாவற்றையும் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"மாமா, நீ இங்கிலீஷ் படிச்சவன். இன்னா கீதுன்னு பாரு."

பார்த்தேன். அது ஒரு ஆட்டத்தின் விதிப் புத்தகம். அந்த ஆட்டத்தில் பலகை இல்லை, காய் இல்லை. ஒருவர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் வீரன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம் எடுத்து, தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்லவேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். விதிகளை வரிசை மாறாமல் தமிழில் எழுதினேன். எனக்கு எதையும் முறையாகச் செய்தால்தான் மனம் அடங்கும். கதை சொல்பவருக்கு 'நடத்துநர்' என்று பெயர் வைத்தேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன். எதிர்வீட்டு நண்பர் செங்கல்பட்டு-மாமல்லபுரம் பேருந்தில் கண்டக்டர்.

"அண்ணாத்த, நடத்துனரு நானு. அப்போ நீ யாரு, செக்கிங்கா?" என்றார். அன்றிலிருந்து என் பெயர் செக்கிங்.

அவரும் மச்சானும் என் மனைவியும் ஆட, நான் நடத்தினேன். மனைவி சேர்ந்ததற்கு ஒரே காரணம் அவள் தம்பி. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காதவன், இந்த ஆட்டத்துக்காக ஞாயிறு தவறாமல் வர ஆரம்பித்திருந்தான். அவளும் சனிக்கிழமையே மீனுக்குச் சொல்லிவைக்க ஆரம்பித்திருந்தாள். ஆள் குறைந்தால் அவன் மறுபடி சினிமாவுக்குப் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும். அவனே சொல்லியிருந்தான்: "ரெண்டு பேரு ஆட்றதுக்கு நான் பஸ்ஸு ஏறி வரணுமா?"

முதல் ஆட்டத்திலேயே திருடர் கூட்டம் வந்தது. மச்சான் பகடையை உருட்டி ஒருவன் கையை வெட்டினான். கண்டக்டர் இன்னொருவன் காலை. மனைவியின் முறை வந்தது. அவள் பகடையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"எனக்கு வாணாம். வலைக்காக ரெண்டு குப்பத்து ஆம்பளைங்க அடிச்சிகினத கண்ணால பார்த்தவ நானு. அப்போ இவன் தொட்டில்ல கெடந்தான். ஞாயித்துக்கெழம குந்திகினு அதையே நான் ஆடணுமா?"

எழுந்து சமையலறைக்குப் போனாள். மச்சானின் முகம் சுருங்கிவிட்டது.

மறுவாரம் அவளை வைத்தியச்சி ஆக்கினேன். யாரையும் அடிக்க வேண்டாம், அடிபட்டவர்களுக்கு மருந்து போட்டால் போதும்.

"இவனுங்க வெட்டிகினு வருவானுங்க, நான் கட்டு போட்டுகினே இருக்கணுமா? வூட்ல பார்க்கிற வேல பத்தாதா?" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம், சண்டை வந்தால் அவள் முறையை விட்டுவிடலாம் என்றேன். அந்தச் சண்டை முடிவதற்குள் அவள் சோறு வடித்து, ரசம் தாளித்து, துணியும் மடித்துவிட்டாள். கிளம்பும்போது மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்கா பாவம் மாமா. இந்த ஆட்டத்தயே வுட்ருலாம்" என்றான். கதவருகே நின்றிருந்த அவள் காதில் அது விழுந்தது. அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு, கதையில் அவர்கள் கடலுக்குப் போகும் வழியில் ஒரு பாறைமேல் பூதம் உட்கார்ந்திருந்தது. மச்சான் கத்தியை உருவுவதாகச் சொன்னான். அதற்குள் மனைவி என்னைப் பார்த்து, "அது எதுக்கு அங்க குந்திகினு கீது?" என்று கேட்டாள்.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். பூதத்தின் பலம், அதன் அடி எவ்வளவு வலிக்கும், எல்லாம் இருந்தது. எதற்கு உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும் இல்லை.

"தெரியலியா? அப்போ அதையே கேக்கறேன். யப்பா பூதம், நாஸ்தா ஆச்சா?"

கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நான்தான் பூதத்துக்காகப் பதில் சொல்லவேண்டும். "இன்னும் இல்லை" என்றேன். ஏன் என்றாள். பாறைக்கு அடியில் புதையல் இருக்கிறது, அதை விட்டு நகர முடியாது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தூக்கம்? தூங்கி வெகுநாள் ஆகிறது. மாற்று ஆள்? கிடையாது.

"அய்யோ பாவம். சாப்ட்டு தூங்கி எந்திரி. அதுவரைக்கும் என் தம்பி பார்த்துக்குவான். எங்கள மட்டும் வழி வுடு."

பகடையை உருட்டினாள். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தது. பூதம் எழுந்து வழிவிட்டது.

"அக்கா! நான் வீரன்! என்ன வாட்ச்மேன் ஆக்கிட்டியே! அங்கியும் டூட்டி, இங்கியும் டூட்டியா?" என்று மச்சான் அலறினான். சிரிப்பு அடங்கியதும் விஷயத்துக்கு வந்தான். "சரி, இதுக்கு பாயின்ட்டு எப்பிடி? பூதம் சாவலியே."

அவன் கேட்டது நியாயம். புத்தகத்தின்படி கொன்றால்தான் புள்ளி. புள்ளி சேர்ந்தால்தான் ஆள் வளர்வான்.

"தாயத்துலயே எதிராளிய வெட்டாத காய் உள்ள போவாது. வெட்டு இல்லாம பழம் ஏது மாமா?"

மனைவி என்னைப் பார்த்தாள். எழுதிய விதியை மாற்றுவது எனக்குப் பல்லைப் பிடுங்குவது போல. கண்டக்டர்தான் வாயைத் திறந்தார்.

"செக்கிங்கு, ஒன்னு சொல்லு. மாமல்லபுரத்துல ஒருத்தன் எறங்கறான். ஜன்னல் சீட்டுக்கு சண்ட போட்டு வந்தானா, பக்கத்துல இருக்கறவன்கிட்ட பேசிகினே வந்தானான்னு நான் கேக்கறனா? டிக்கெட் இருந்தா எறக்கி வுட்றேன். அவ்ளோதான்."

நான் பேனாவை எடுத்து 'கொன்றவருக்கு' என்பதை அடித்துவிட்டு 'கடந்தவருக்கு' என்று எழுதினேன். பூதத்தின் முழுப் புள்ளியும் மனைவிக்குப் போனது. மச்சான் உர்ரென்று பஸ் ஏறினான். இனி வருவானா என்று அவள் கேட்டாள். அந்த வாரம் முழுவதும், எதிரே வரப்போகும் ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், எதற்குப் பயம் என்று யோசித்து எழுதிவைத்தேன். பேச்சில் மசியாத, மச்சானுக்கென்றே ஒரு முரட்டு முதலையையும் சேர்த்தேன்.

ஞாயிறு அன்று அவன் வழக்கத்தைவிட முந்தியே வந்துவிட்டான். செருப்பைக் கழற்றுவதற்குள் பேச்சு ஆரம்பமானது.

"அக்கா, இன்னிக்கி எது வந்தாலும் மொதல்ல நீ பேசு. படியலன்னா நான் வெட்றேன். ஆனா என்ன மட்டும் காவலுக்கு வுட்டுடாத."

"பார்க்கலாம், பார்க்கலாம். கைய கழுவிகினு வா, மீனு ஆறுது" என்றாள்.