கைக்குள் ஒரு சுண்டெலி

பிசியோதெரபி அறையில் பயிற்சி கொடுக்கிறவளுக்குப் பெயர் சுண்டெலியக்கா. நிஜ எலியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறி நின்று அலறுகிறவள். ஆனால் வாயைத் திறந்தால் எலிப் புராணம்தான்.

என் வீட்டுக்காரர் மூட்டை தூக்குகிறவர். சந்தையில் எல்லோரும் யானை என்பார்கள். லாரியிலிருந்து விழுந்ததில் தோளில் நரம்பு அடிபட்டு, வலது கை துவண்டு தொங்கியது. அது திரும்ப அசையுமா என்பதே எங்களுக்கு ராவும் பகலும் கவலை.

முதல் நாளே அக்கா அவர் புஜத்தில் விரலை வைத்துக்கொண்டு கதையை ஆரம்பித்துவிட்டாள். இங்கிலீஷில் மசில் என்கிறோமே, அது லத்தீனிலிருந்து வந்த வார்த்தையாம். அங்கே சின்ன எலி என்று அர்த்தமாம். கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி இருக்கிறதல்லவா, அதனால்தானாம். படிக்கும்போது வாத்தியார் இதைச் சொன்னதும், இவள் இரண்டு காலையும் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாளாம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் கை விளங்காமல் கிடக்கிறான், இவளுக்குக் கதை ஒரு கேடா? யானையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் அசரவில்லை. கையைத் தூக்குங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "வளைக்குள்ளதான் இருக்கு, கூப்பிடுங்க" என்பாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிடுவார். மாதக்கணக்கில் இதே பாடு. வீட்டில் அவர் பேச்சே நின்றுபோனது.

அன்றைக்குக் காலையில் நான் அவளிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். இருந்தாற்போல் தன் விரலை எடுத்துவிட்டு, என் விரலைப் பிடித்து அவர் புஜத்தில் வைத்தாள். முதல் துடிப்பு தட்டுப்பட்டால் இப்படிச் செய்வது அவள் வழக்கமாம். "முதல்ல வீட்டு ஆளுக்குத்தான் தெரியணும். பேசாம இருங்க."

அவர் கண்ணை மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது.

ஓடியது! என் விரலுக்கடியில், துளியூண்டு, சுருக்கென்று ஓடியது! நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். அக்கா நாற்காலி மேல் ஏறிவிட்டாள். இந்தத் தடவை கை தட்டுவதற்கு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போய்விடுமோ என்று பயந்து, அந்த இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

என் யானை வாயைத் திறந்தார்.

"அமுக்காதடி. ஓடட்டும்."